டைகருக்கு நான் வைத்த சோறு

என் நாய் ஒரு சிறுவனைக் கடித்தது. அதைக் கடிக்கிற நாயாக ஆக்கியவன் நான். தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்ல எனக்கு வழியில்லை. ஆளைக் கண்டால் பாய வேண்டும் என்று எண்ணித்தான் பல மாதம் அதற்குத் தீனி போட்டேன். கடித்த பிறகு ஒரு பொய்யும் சொன்னேன். ஊரில் அந்தப் பொய்யைத்தான் இன்றும் நம்புகிறார்கள்.

குமரி மாவட்டம் பூதப்பாண்டியிலிருந்து சற்று உள்ளே, மலையைப் பார்த்தாற்போல் எங்களுக்கு ஒரு சின்ன விளை உண்டு. தென்னைக்கு ஊடாக ஏத்தன் வாழையும் மட்டி வாழையும் வைத்திருந்தோம். ஓணம் நெருங்கினால் ஏத்தன் குலைக்கு விலை ஏறும், களவும் கூடும். ஒரு வருடம் வெட்டுக்குத் தயாராக நின்ற குலைகளை ராத்திரியோடு ராத்திரியாக யாரோ வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நஷ்டத்தைவிட அவமானம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. நாய் வளர்ப்பது என்று முடிவு செய்தேன். தெரிந்தவர் வீட்டிலிருந்து ஒரு நாட்டுக் குட்டி வந்தது. டைகர் என்று பெயர் வைத்தேன்.

முதல் ஒரு வருடம் அதற்குச் சோறு வைத்தது என் அம்மை. காலையில் கொஞ்சம், சாயங்காலம் விளக்கு வைப்பதற்கு முன் கொஞ்சம். கஞ்சியில் சாளைத் தலையை வேகவைத்துப் பிசைந்து போடுவாள். சில நாள் அவித்த மரச்சீனிக் கிழங்கு. வைத்துவிட்டு அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்காமல் உள்ளே வந்துவிடுவாள். டைகர் நன்றாக வளர்ந்தது. மினுமினுப்பான ரோமம், நல்ல உறக்கம், புது ஆள் வந்தால் குரைப்பு, தெரிந்த ஆள் என்றால் வாலாட்டல். தபால்காரரின் கையை நக்கும். பக்கத்து வீட்டுச் சிறுவன் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு திண்ணையில் கிடப்பான். பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம் வந்தது. காவலுக்கு வாங்கிய நாய் இப்படி இருந்தால் விளையை யார் காப்பது?

எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. அநேகமாகத் தமிழ்நாடு முழுக்க உண்டு. பச்சை இறைச்சியும் ரத்தமும் பழகினால்தான் நாய்க்கு வீறு வரும், பகலில் பட்டினி கிடந்தால்தான் ராத்திரி விழித்திருக்கும், காய்ந்த மிளகாய் சேர்த்தால் ரோசம் வரும் என்பார்கள். தெருக்கோடி வீட்டுப் பாட்டா ஒருவர் என்னிடம் சொன்னார்: “மக்கா, கஞ்சி குடுத்து வளத்தா அது பசுவாட்டுதான் நிக்கும். பச்சையாட்டு எறச்சி போட்டுப் பாரு.” அவரைக் குறை சொல்ல வரவில்லை. அவர் கேள்விப்பட்டதைச் சொன்னார். செய்தது நான்.

அம்மையிடமிருந்து தட்டை வாங்கிக்கொண்டேன். காலைச் சோற்றை நிறுத்தினேன். பகல் முழுக்கச் சங்கிலியில் கட்டினேன். இருட்டிய பிறகு, கோழிக்கறிக்கடையில் ஒதுக்கிப் போடுகிற குடலையும் தலையையும் தோலையும் ஒரு கவரில் வாங்கி வந்து அப்படியே பச்சையாகக் கொட்டுவேன். சில நாள் மிளகாயைக் கிள்ளிப் போட்டேன். கடை இல்லாத நாள் ஒன்றும் கிடையாது. எல்லாவற்றையும்விட மோசமான ஒன்றை இனிமேல்தான் சொல்ல வேண்டும். அது தின்றுகொண்டிருக்கும்போது ஒரு கம்பால் தட்டை என் பக்கம் இழுப்பேன். அது உறுமும். இன்னும் இழுப்பேன். பல்லைக் காட்டும். அப்போது தள்ளிவிடுவேன். உறுமினால் சோறு திரும்பக் கிடைக்கும் என்பதை நாள்தோறும் அதற்குக் கற்றுக்கொடுத்தேன். வந்தவர்களைக் கூப்பிட்டு அதைக் காட்டிப் பெருமைப்பட்டேன்.

அம்மை ஒரு நாள் சொன்னாள்: “சோறு வைக்கிற கையில கம்பையும் வச்சிருக்கியே மக்கா, இது உருப்படுமா?” நான் பதில் சொல்லவில்லை.

டைகரின் உடம்பில் வந்த மாறுதல்களை நான் பார்க்காமல் இல்லை. வயிறு போயிற்று. வாந்தி எடுத்தது. விலா எலும்பு தெரிந்தது. கட்டியிருந்த இடத்தில் மண்ணைத் தின்றது, சுவரின் சுண்ணாம்பைச் சுரண்டி நக்கியது. மிச்சமான உள்ளித் தீயலையும் சோற்றோடு சேர்த்து அதற்கே போட்டோம். உள்ளி நாய்க்கு ஆகாது, அதன் சிவப்பணுக்களை உடைத்து ரத்தசோகையைக் கொண்டுவரும் என்பது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. உறக்கம் குறைந்தது, ஓலை விழுந்தால்கூடத் துள்ளி எழும். அம்மை கிட்டே போனாலும் தொண்டைக்குள் உறுமியது. இவை ஒவ்வொன்றும் எனக்கு வெற்றியாகவே பட்டன. நோயையும் பயத்தையும் நான் வீரம் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தச் சிறுவன் மட்டும் அதை விடவில்லை. ஒரு நண்பகலில் அவன் வீட்டில் மிஞ்சிய மீன்குழம்புச் சோற்றை வட்டிலில் கொண்டுவந்தான். தட்டில் கொட்டினான். கொஞ்சம் வெளியே சிந்தியது. சங்கிலி எட்டாதே என்று அதைக் கையால் வழித்து நாயின் பக்கம் தள்ளினான். தட்டின் அருகே வந்த கையை டைகர் பிடித்துக்கொண்டது. நான் திண்ணையில்தான் இருந்தேன். எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தேன்.

அவன் தாய் ஓடிவந்து குழாயைத் திறந்து சோப்புப் போட்டு வெகுநேரம் கழுவினாள். அந்த நேரத்தில் சரியாக நடந்துகொண்டவள் அவள் ஒருத்திதான். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். ஆழமான கடி என்பதால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும், பிறகு முதல் நாள், 3, 7, 28 என்று தடுப்பூசியும் போட்டார்கள். நாய்க்கு ஊசி போட்டிருக்கிறதா என்று கேட்டார்கள். போடவில்லை. கொட்டிய கோழிக் குடலுக்குக் கணக்குப் பார்க்காத நான் அந்த ஓர் ஊசிக்குச் சோம்பல்பட்டிருந்தேன்.

சாயங்காலம் சிறுவனின் அப்பா வந்தார். “என்ன நடந்தது அண்ணே?” என்று கேட்டார். சண்டைக்கு வரவில்லை. கேட்க மட்டும் செய்தார். நான் சொன்னேன்: “பய தட்டைப் பிடிச்சு இழுத்துட்டான்.”

தட்டை இழுத்தவன் நான். பல மாதமாக இழுத்தவன் நான். அதை ஒரு குழந்தையின் தலையில் வைத்தேன். “நான் இழுக்கல்ல மாமா” என்று அவன் என்னைப் பார்த்தே சொன்னான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அன்று ராத்திரி, கட்டுப் போட்ட கையோடு அவன் அடி வாங்கிய சத்தம் எங்கள் வீடுவரை கேட்டது. எழுந்து போய் உண்மையைச் சொல்ல இருபது அடி தூரம்கூட இல்லை. போகவில்லை.

கடித்த நாயை 10 நாள் கண்காணிக்க வேண்டும் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். வெறிநோய்க் கிருமி எச்சிலில் இருக்கிற நாய் என்றால் அந்த நாட்களுக்குள் நோய் வெளிப்பட்டுச் செத்துவிடும். டைகருக்கு ஒன்றும் ஆகவில்லை. பச்சை இறைச்சி தின்றால் நாய்க்கு வெறி பிடிக்கும் என்று நம்புகிறவர்களும் எங்கள் பக்கத்தில் உண்டு. வெறிநோய் தீனியால் வருவதில்லை. நோய் கண்ட பிராணி கடிப்பதால் வருகிறது. பாரிஸில் லூயி பாஸ்டர் ஒரு சிறுவனுக்கு முதல் தடுப்பூசி போட்டது 1885-ல். 1907-ல் நம் குன்னூரிலேயே பாஸ்டர் நிலையம் வந்துவிட்டது. இவ்வளவு காலத்துக்குப் பிறகும் சோற்றுத் தட்டைப் பற்றி எவ்வளவு பொய்களை நாம் கையோடு வைத்திருக்கிறோம்.

அந்த நாட்களில் கால்நடை மருத்துவர் ஒருவர் வந்து பார்த்தார். இளம்பெண். நாயின் ஜாதியைப் பற்றி அவர் கேட்கவில்லை. என்ன கொடுக்கிறீர்கள், எத்தனை மணிக்கு, யார் கொடுக்கிறார்கள், தின்னும்போது பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று கேட்டார். நான் பாதியை மறைத்துச் சொன்னேன். மீதியை அம்மை சொன்னாள். அவர் ஈறைத் தூக்கிப் பார்த்தார், வெளுத்திருந்தது. குடலில் கொக்கிப்புழு. ரத்தசோகை. மண் தின்பதற்கு அதுவும் காரணமாக இருக்கும் என்றார். “பசி, வயித்து வலி, பயம். இந்த மூணும் சேர்ந்தா எந்த நாயும் கடிக்கும் சார்” என்றார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அதன் பிறகுதான் படிக்கத் தொடங்கினேன். தீனிக்கும் குணத்துக்கும் தொடர்பு இல்லவே இல்லை என்று எங்காவது எழுதியிருந்தால் மனம் லேசாகும் என்று தேடினேன். தொடர்பு இருக்கிறது என்றுதான் கிடைத்தது. நான் நம்பிய வகையில் இல்லை.

அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தார் 2000-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வீட்டு நாய்கள் 33. எஜமானரிடமே சீறுபவை, தன் எல்லைக்குள் வருபவரிடம் சீறுபவை, நிலைகொள்ளாமல் துள்ளுபவை என்று மூன்று கூட்டம். புரதம் கூடிய தீனி, குறைந்த தீனி, இரண்டிலும் டிரிப்டோஃபான் சேர்த்தும் சேர்க்காமலும் என்று நான்கு வகையை வாரத்துக்கு ஒன்றாகக் கொடுத்துப் பார்த்தார்கள். டிரிப்டோஃபான் என்பது புரதத்தில் இருக்கும் ஓர் அமினோ அமிலம். மனதை அமைதிப்படுத்தும் செரட்டோனினை மூளை அதிலிருந்துதான் செய்கிறது. இறைச்சியிலும் அது உண்டு, ஆனால் மற்ற அமினோ அமிலங்கள் அதைவிட மிக அதிகம். எல்லாம் ஒரே வழியாகத்தான் மூளைக்குள் நுழைய வேண்டும். வடசேரியில் வந்து நிற்கும் பேருந்தின் ஒற்றை வாசலில் பெருங்கூட்டம் முண்டினால் ஒல்லியான ஒருவர் பின்தங்கிவிடுவதைப் போல, டிரிப்டோஃபான் வெளியே நின்றுவிடுகிறது. மாவுச்சத்து சேரும்போது இன்சுலின் சுரந்து மற்றவற்றைத் தசைக்கு இழுத்துக்கொள்ளும். இதற்கு வழி விடும். அந்த ஆய்விலும், புரதம் குறைந்த தீனியோடு டிரிப்டோஃபான் சேர்த்தபோது எல்லைக்காகச் சீறுவது குறைந்தது. புரதம் கூடி, டிரிப்டோஃபான் சேர்க்காதபோது எஜமானரிடம் சீறுவது அதிகமாக இருந்தது. துள்ளுபவற்றில் மாற்றமே இல்லை.

இதைப் படித்துவிட்டு, இறைச்சிதான் குற்றவாளி என்று ஒதுங்கிவிடப் பார்த்தேன். முடியவில்லை. ஏற்கெனவே கோபக்கார நாய்களின் சீற்றத்தைத் தீனி சற்றுக் கூட்டலாம், சற்றுக் குறைக்கலாம் என்பதற்கு மேல் அந்த ஆய்வு சொல்லவில்லை. வாலாட்டும் நாயைக் கடிநாய் ஆக்கும் சக்தி கோழிக் குடலுக்கு இல்லை. அந்தச் சக்தி என் கம்புக்கு இருந்தது.

கஞ்சி குடித்தால் நாய் கெட்டுப்போகும் என்பதும் பொய். ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தார் 2013-ல் ஓநாயின் மரபணுவையும் நாயின் மரபணுவையும் ஒப்பிட்டார்கள். மாவுச்சத்தைச் செரிக்கும் ஒரு மரபணு ஓநாயிடம் 2 பிரதி. நாய்களிடம் 4 முதல் 30 வரை. மனிதன் உழுது விளைவிக்கத் தொடங்கிய பிறகு, அவன் மிச்சத்தைத் தின்று தின்று நாயின் உடம்பே மாறியிருக்கிறது. 1880-களின் தொடக்கத்தில் திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மரச்சீனியைப் பரப்பிய காலத்திலிருந்து இந்தப் பக்கத்து ஏழை வீடுகளில் மனிதரும் நாயும் அதே கிழங்கைத் தின்று வாழ்ந்திருக்கிறார்கள். மாவுச்சத்து மட்டும் போதாது, மீனோ முட்டையோ வேண்டும். அதையும் அம்மை சேர்த்தாள். மீனை வேகவைத்தாள். சில மீன்களில் உள்ள தயமினேஸ் என்ற நொதி, பச்சையாகத் தின்றால் பி1 சத்தை அழித்து நரம்பைத் தளர்த்திவிடும், வெந்தால் போய்விடும். அவளுக்கு இந்தப் பெயர்கள் தெரியாது. இரண்டு வேளை, வெந்த சோறு, தொந்தரவு இல்லாமல் தின்ன விடுவது. இதற்கு மேல் அந்த மருத்துவரும் ஒன்றும் எழுதித் தரவில்லை. பூச்சிமருந்தும் தடுப்பூசியும் மட்டும் கூடுதல்.

என்னை மிகவும் வருத்திய ஆய்வு கொல்கத்தாவை அடுத்த மோகன்பூரில் உள்ள ஐசர் அறிவியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு செய்தது. தெருநாய்களிடம் முன்பின் தெரியாத ஒருவர் திரும்பத் திரும்பப் போகிறார். சிலவற்றுக்குத் தீனி தருகிறார், சிலவற்றைத் தடவிக்கொடுக்கிறார். நாளாக நாளாக அந்த மனிதரை அதிகம் நம்பியவை தடவிக்கொடுக்கப்பட்ட நாய்கள். 2017-ல் வந்தது இது. டைகரைத் தடவிக்கொடுத்த ஒரே ஆள் அந்தச் சிறுவன்.

இப்போது என் விளையைத் தாண்டிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் மாவட்டத்துச் சாலையோரங்களிலும் குளக்கரைகளிலும் கோழிக்கழிவையும் மீன்கழிவையும் ராத்திரியில் கொட்டிவிட்டுப் போகிறார்கள். உள்ளூர்க் கடைகளிலிருந்தும் வருகிறது. களியக்காவிளை வழியாகக் கேரளத்திலிருந்து வண்டியில் வருவதைப் போலீசார் பலமுறை பிடித்திருக்கிறார்கள். அந்த இடங்களில் நாய்கள் கூட்டமாகச் சேர்கின்றன. ரத்த ருசி கண்டதால் அவை மனிதர்மேல் பாய்கின்றன என்று பேசிக்கொள்கிறோம். நான் டைகரிடம் செய்ததை வைத்துப் பார்த்தால் எனக்கு வேறு விதமாகத் தோன்றுகிறது. ஓரிடத்தில் ஒரு நாள் மலையாகத் தீனி, மறுநாள் ஒன்றுமில்லை. பத்து நாய்களுக்கு நடுவே பல்லைக் காட்டுகிறவனுக்கே பங்கு. தின்னும்போது பைக் வெளிச்சமும் கல்லெறியும். பட்டினி, போட்டி, பயம் மூன்றையும் ஒரு மாவட்டமே சேர்ந்து தெருநாய்களுக்குக் கற்றுக்கொடுக்கிறோம். தெருநாய்களுக்குத் தீனி போட வார்டுதோறும் தனி இடம் ஒதுக்க வேண்டும், கண்ட இடத்தில் போடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22-ல் சொன்னது. எங்கே தின்கிறது என்பதும் எப்படி நடந்துகொள்கிறது என்பதும் தனித்தனி விஷயங்கள் அல்ல என்பது எனக்கு அதற்கு முன்பே தெரியும். ஒரு குழந்தையின் கையைக் கொடுத்து நான் தெரிந்துகொண்டேன்.

டைகரை நான் விரட்டவில்லை. தட்டு மறுபடி அம்மையின் கைக்குப் போனது. புழு போனது, ஈறு சிவந்தது, மண் தின்பது நின்றது. சில வாரங்களில் ராத்திரி உறங்கத் தொடங்கியது. சோற்று நேரத்தில் நான் தூரத்தில் நின்று ஒரு முட்டைத் துண்டை எறிந்துவிட்டு விலகிப் போக வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். நான் வந்தால் தட்டு போகாது, ஒன்று கூடுதலாக வரும் என்று அது புதிதாகக் கற்க வேண்டும். செய்தேன். பாதி பலித்தது. வாலாட்டல் திரும்பி வந்தது. தட்டின் அருகே என் கால் பட்டால் மட்டும் கடைசிவரை அதன் உடம்பு விறைத்தது. தீனியால் கெட்டதைத் தீனியால் சரிசெய்யலாம். கம்பால் கெட்டது அவ்வளவு சீக்கிரம் ஆறவில்லை. டைகர் வயதாகிச் செத்தது.

பொய் அப்படியே இருந்தது. அந்தச் சிறுவன் வளர்ந்து வளைகுடாவுக்கு வேலைக்குப் போனான். அவன் அப்பா காலமானார். அதற்குப் பிறகு ஒரு முறை அவன் ஊருக்கு வந்தபோது வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். குடலை, பட்டினியை, கம்பை, அன்று சாயங்காலம் நான் சொன்ன வார்த்தையை. அவன் குறுக்கே ஒன்றும் பேசவில்லை. முடித்தபிறகு, “அப்பா இருக்கும்போதே சொல்லியிருக்கலாம்லா மாமா” என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. அதற்கு என்னிடம் பதில் இல்லை, இப்போதும் இல்லை.

அவன் அப்பாவிடம் சொல்ல முடியாததை ஊரிடம் சொல்கிறேன். அவன் தட்டை இழுக்கவில்லை. சிந்திய சோற்றை நாய்க்கு எட்டும்படி தள்ளிக் கொடுத்தான்.

நாய் வளர்க்கிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். அதைக் கோபக்காரனாக்க என்று தனித் தீனி எதுவும் கொடுக்காதீர்கள், பட்டினி போடாதீர்கள். நேரத்துக்கு வைத்துவிட்டு, தின்று முடிக்கும்வரை தள்ளி நில்லுங்கள். தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள், விலங்குவழி நோய்கள் தினமான ஜூலை 6-ஐ ஒட்டிக் கால்நடைத் துறை இலவச முகாம் நடத்துகிறது, மற்ற நாட்களில் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தைக் கேளுங்கள். யாரையாவது கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். என்ன நடந்தது என்று கடிபட்ட குழந்தை சொன்னால், நாய்க்காரர் சொல்வதற்கு முன்னால் அதை நம்புங்கள்.